வரி எண் ஒன்று

ஒரு பெயரைத் தேடினால், அது எந்தக் கோப்பில் எந்த வரியில் வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று கோட் எடிட்டர் காட்ட வேண்டும். அந்தப் பட்டியலை வடிவமைப்பது மாதேவியின் வேலை. விஜயநகர் வீட்டில் உட்கார்ந்து சோதித்தபோது, ஒன்று வரவேண்டிய இடத்தில் இரண்டு முடிவுகள் வந்தன.

"ரெண்டாவதுல எழுத்து கன்னடம்தான், ஆனா அர்த்தமே இல்ல. தூக்கிடுங்க, நாளைக்கு டெமோ," என்றான் அவள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துவிட்டு ஃபோனில் டீம் லீட் கிரண்.

அது கன்னட எழுத்தில் எழுதிய தமிழ். கன்னடப் பள்ளியில் படித்த அவள் புருஷன் தருண்குமார் அப்படித்தான் எழுதுவான். போன ஆடி மாதம், ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது, ஹுன்சூர் ரோட்டில் செத்துப்போனான்.

"வந்துட்டே இருக்கறன் புள்ள, கேட்டப் பூட்டாத." என்றிருந்தது அந்த இரண்டாவது முடிவு, வரி எண் தொள்ளாயிரத்தில்.

மறுபடி தேடினாள். அதே வார்த்தைகள், வரி எண் எழுநூறு. மாதேவி சாப்பிடவில்லை, கிரண் கூப்பிட்டும் எடுக்கவில்லை. விரல் மரத்துப்போகும்வரை தேடிக்கொண்டே இருந்தாள். எண் ஒன்றுக்கு வந்ததும் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்துவைத்துவிட்டு வந்து, இன்னொரு தடவை தேடினாள்.

ஒரே முடிவுதான் வந்தது. வாசலில் யாரோ ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது.