கரண்டியில் எலுமிச்சை

நீலமேகத்தின் சரியாகிவிட்ட தோளைத் தாவூது மூன்றாம் முறையாகத் தடவிப் பார்த்தார்.

ராயபுரத்தில் எலும்பு கட்டுகிறவர் அவர். அவர் தலையாட்டினால்தான் துறைமுகத்து மேஸ்திரி அவனை மறுபடி மூட்டை தூக்க விடுவார்.

உடம்பில் கோளாறு என்றால் மேஸ்திரி ஒரு நாள்கூட வைத்துக்கொள்ள மாட்டார். போன மாதம் படகுப் பலகையில், கூட மூட்டை தூக்கிய தண்டபாணிக்கு வலிப்பு வந்தது. எல்லோரும் இரும்பு, இரும்பு என்று கத்த, நீலமேகம்தான் தன் மூட்டைக் கொக்கியை அவன் கையில் திணித்தான். மறுநாளே தண்டபாணிக்கு வேலை போயிற்று.

இன்று காலை ரங்கூன் அரிசி மூட்டை முதுகில் ஏறியது. அதன் முனையைப் பிடிக்க நீலமேகம் வலக்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோனான். தோள் முன்பக்கமாக நழுவிவிட்டது.

பக்கத்தில் சாக்கு தைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி சிவந்தி ஓடிவந்தாள். அவனைக் கிடத்தி, அக்குளில் குதிகாலை ஊன்றி, மணிக்கட்டைப் பிடித்து நிதானமாக இழுத்தாள்.

களுக்.

தாவூதுக்கு அதுதான் பிடிபடவில்லை.

“இடுப்பு எலும்பு உரலுக்குள்ள உலக்கை மாதிரி, நைனா. லேசுல வராது. தோளு அப்பிடியில்ல, கரண்டி மேல வச்ச எலுமிச்சம்பயம். பள்ளம் கம்மி. அதான் கை நாலாபக்கமும் சுத்துது. சதைதான் சுத்திவர இஸ்துப் புடிச்சுகினு கீது. மொத தபா நயுவுச்சின்னா ரெண்டு ஆளு மல்லுக்கட்டணும். உன்னுது ஒரே இஸ்ப்புல உக்காந்துகிச்சு. கரண்டி ஓரம் கியிஞ்சிகீது. அஞ்சாறு வாட்டியாவது வெளிய வந்திருக்கும்.”

“சத்தியமா இதான் பாய் மொத தபா.”

பொய் இல்லை. அவன் குஸ்தி போட்டதில்லை, மரத்திலிருந்து விழுந்ததில்லை. உயிர் போகிற வலி. அதை ஒருவன் மறப்பானா? அதுவும் அஞ்சாறு தடவை?

சில நாள் விடியும்போது தோள் கனக்கும். நாக்கு கடிபட்டு எரியும். தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கும். மூட்டை தூக்குகிறவனுக்குத் தோள் கனக்காதா என்பாள் சிவந்தி. அதுவும் சரிதான்.

தாவூது அவள் பக்கம் திரும்பினார். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார்.

அவள் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள். இடுப்பில் தொங்கிய பெரிய இரும்புச் சாவி ஒருமுறை ஆடி நின்றது.

“தலையாட்டுங்க பாய். சங்கு ஊதப்போவுது.”

தாவூது சாவியைப் பார்த்தார். தலை ஆடவில்லை.

நீலமேகமும் பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிற சாவிதான். தோள் கனக்கிற விடியல்களில் அது அவன் வலக்கை விரல்களுக்குள் இருக்கும். தூக்கத்தில் தானே எடுத்திருப்போம் என்று நினைத்துக்கொள்வான்.

அவர்கள் குடிசையில் பூட்டு என்று ஒன்று இருந்ததே இல்லை.