துண்டு மடிக்க ஓர் ஆள்

மாவட்டக் கல்வி அலுவலகத்து லிண்ட்குவிஸ்ட், பள்ளியை முடிக்கப்போகும் மாற்றுத்திறனாளி மாணவர் கேசியின் எதிர்காலத்தை, வரும் வழியில் காரிலேயே முடிவு செய்துவிட்டார். கேசியைப் பார்த்ததுதான் இல்லை.

பள்ளியின் கூட்ட அறையில் சக்கர நாற்காலியில் ஒரு பெண், பக்கத்தில் தாடி வைத்த இளைஞன்.

"ஹலோ... கேசி..." என்று அவளிடம் செவிடருக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அவள் வாய் திறப்பதற்குள் இளைஞன் பக்கம் திரும்பினார்.

"ஓட்டல்ல துண்டு மடிக்கிற வேலை சொல்லி வெச்சிருக்கேன் தம்பி. போதும்ல?"

"என்ன பிடிக்கும்னு கேட்க வேண்டாமா சார்?"

"இவங்களுக்கு என்னப்பா பிடிக்கறது, பிடிக்காதது."

"மாணவரைக் கேட்டுத்தான் முடிவு பண்ணணும்னு சட்டம் இருக்கே சார்."

லிண்ட்குவிஸ்ட் அசந்துபோனார். "சட்டமெல்லாம் பேசறியே. எங்க ஆபீசுக்கு உன்ன மாதிரி ஆளுதான்பா வேணும். ஜூன்ல வந்து சேர்ந்துடு" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்தப் பெண் தொண்டையைச் செருமினாள்.

"நான் கேசியோட டீச்சர் சார். நீங்க கை குலுக்கறீங்களே, அவன்தான் கேசி. எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் அவனுக்கு வராது. சட்டத்தைக் காதால கேட்டே மனப்பாடம் பண்ணிட்டான்."

லிண்ட்குவிஸ்ட் கையை உருவப் பார்த்தார். கேசி விடவில்லை.

"ஜூன்ல வந்துடறேன் சார். துண்டு மடிக்கத்தான் நீங்க வேற ஆள் பார்க்கணும்."