எறும்புக் கடி

நாற்பது வருஷமாக ஊசியோடு குடித்தனம் நடத்தும் தையல்காரருக்கு, ஊசி என்றால் பயம்.

வெளியே சொல்ல முடியுமா? கடைக்கு வருகிறவர்களிடம், "மூட்டுவாதத்துக்குப் புது மருந்து. பதினஞ்சு நாளைக்கு ஒரு ஊசி. நானே போட்டுக்குறேன்" என்று பீற்றிக்கொள்வார். உண்மையில் மனைவிதான் போட்டுவிடுவாள். இவர் தலையணையைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி கிடப்பார்.

அந்த மருந்து வந்த பிறகுதான் மடங்காத விரல் மடங்கி, கத்தரிக்கோல் மறுபடி கைக்கு வந்தது. இப்போது மகளுக்குப் பிரசவம். மனைவி இரண்டு மாதம் மகளின் ஊரில் போய் இருந்தாக வேண்டும்.

"நீங்களே போட்டுக்கக் கத்துக்கிட்டாதான் நான் கிளம்புவேன்" என்று சொல்லிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில், பேனா மாதிரி இருந்த அந்த ஊசியைக் கையில் கொடுத்தாள் நர்ஸ்.

"தொடையில வச்சு அழுத்துங்க. பத்து எண்ணுங்க. அவ்வளவுதான்."

"இன்னிக்கு உடம்பு ஒரு மாதிரி இருக்கு சிஸ்டர். அடுத்த வாரம்..."

எதிர் நாற்காலியில் ஒரு விசும்பல். தபால்காரச் சீருடையில் ஒரு பெண். அவள் கையிலும் அதே பேனா, கிடுகிடுவென ஆடிக்கொண்டிருந்தது.

"என்னால முடியாது சிஸ்டர். செத்தே போயிடுவேன்."

தையல்காரருக்குள் தூங்கிக்கொண்டிருந்த மாவீரர் எழுந்துகொண்டார்.

"என்னம்மா இது, சின்னப் பிள்ளை மாதிரி! எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். நான் எத்தனை போட்டிருக்கேன்!"

"நிஜமாவாண்ணே? அப்ப ஒரு தடவை போட்டுக் காட்டுங்கண்ணே. பாத்துட்டு நானும் போட்டுக்குறேன்."

மாட்டிக்கொண்டார். அவருக்கு முதல் வியாதி வாய்தான். மூட்டுவாதம் அப்புறம் வந்தது.

கண்ணை மூடினார். அழுத்தினார். 'டக்' என்றது. பத்து எண்ணுவதற்குள் 'ஏழு' மட்டும் மூன்று தடவை வந்தது. கண்ணைத் திறந்தால், முடிந்திருந்தது. நிஜமாகவே எறும்புதான்!

"எனக்கும் தைரியம் வந்துடுச்சுண்ணே" என்று அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வராந்தாவுக்கு வந்ததும் மனைவிக்குப் போன் போட்டார்.

"டிக்கெட் எடுத்துடு. நான் சமாளிச்சுக்குவேன். இங்க ஒரு பொண்ணு, பாவம், பயந்து நடுங்கிட்டிருந்துச்சு. நான்தான் தைரியம் சொல்லி வழிக்குக் கொண்டுவந்தேன்."

"யாரு, நீங்களா?"

"பின்னே?"

போனை வைத்த பிறகுதான் மூக்குக் கண்ணாடியை உள்ளேயே விட்டுவந்தது நினைவுக்கு வந்தது. திரும்பினார். ஊசி அறைக் கதவு பாதி திறந்திருந்தது.

"இன்னிக்கு அழுகை கொஞ்சம் தூக்கல்" என்றாள் நர்ஸ்.

"மூணு வருஷமா போட்டுக்குறேன், ஊசி பழகிப்போச்சு. அழறதுதான் சிஸ்டர் கஷ்டமா இருக்கு." தபால்காரப் பெண் மருந்தில்லாத அந்தப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். "என்னையும் அன்னிக்கு ஒருத்தர் எதிர்ல உக்காந்து அழுதுதானே போட வச்சாரு... சரி, அடுத்த புதன்கிழமை எத்தனை மணிக்கு வந்து பயப்படணும்?"