சத்தமில்லாத கோல்

சாயங்கால வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைச் சாப்பாட்டு மேசைமேல் சாய்த்துப் போடுகிறது. நாளைக்கு மொழிபெயர்ப்பாளர் தேர்வு. மருமகள் புத்தகத்தோடு கண்ணையும் மூடிக்கொண்டு, 'பேசு' என்கிற ஒரே பிரெஞ்சு வினையை நான், நீ, அவன் தொடங்கி அவர்கள் வரை ஆறு பேருக்கும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்க்கிறாள். பிரெஞ்சுக்காரர்களே பேச்சில் கைகழுவிவிட்டு, பழைய நூல்களில் மட்டும் குடிவைத்திருக்கிற வினைவடிவம் அது. போன தடவை இதில்தான் கோட்டைவிட்டாள். "பார்லாஸ், பார்லாஸ், பார்லா, பார்லாஸியோன்..." வழக்கம்போல அங்கேயே நாக்கு பிசகுகிறது. மறுபடி முதலிலிருந்து. பக்கத்துக் கூடத்தில் மாமனார் கால்பந்து இறுதிப்போட்டி பார்த்துக்கொண்டிருக்கிறார். "பிள்ளை பெத்தப்புறம் எதுக்கும்மா இந்த வம்பு?" என்று ஆரம்பத்தில் முகம் சுளித்தவர். "...பார்லாஸியோன், பார்லாஸியே." ஐந்தாவதையும் தாண்டிவிட்ட நிம்மதியில் அவள் கண்ணைத் திறக்கிறாள். டிவியில் பல்லாயிரம் பேர் வாயைப் பிளந்துகொண்டு குதிக்கிறார்கள். வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். கோல் விழுந்திருக்கிறது. மாமனார் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு, மூடிய கையால் காற்றைக் குத்துகிறார். ரிமோட் அவர் மடியில் கவிழ்ந்து கிடக்கிறது. இத்தனை நாளும் இந்த வீட்டில் டிவி இப்படித்தான் ஓடியிருக்கிறது என்பது அவளுக்கு இப்போதுதான் உறைக்கிறது. "சத்தம் வச்சுக்கோங்க மாமா," என்கிறாள். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே கையைத் தூக்குகிறார். காற்றைக் குத்திய கை விரிந்து ஐந்து விரலாகிறது. "அஞ்சுதான் ஆச்சு. ஆறாவதையும் சொல்லிடு, வைக்கிறேன்."