முட்டி போட்டுக் கேளு

"அப்பாகிட்ட நின்னுக்கிட்டா பேசுவ? முட்டி போட்டுக் கேளு!"

மகள் முட்டி போட்டாள். இடுப்பில் சுற்றியிருந்த சிட்டென்ஜித் துணி அவிழப் பார்த்தது. அவசரமாக இழுத்துப் பிடித்துக்கொண்டாள். வகுப்பறையே சிரித்தது.

"பாருங்கடா, முட்டி போடக்கூடத் தெரியல இந்தப் பொண்ணுக்கு!" என்று ஜன்னலில் உட்கார்ந்திருந்த கும்போ கத்தினான்.

"வாயை மூடு கும்போ. அடுத்த வாரம் உனக்குத்தான் பொண்ணு வேஷம்," என்றாள் டொவேரா. சிரிப்பு இன்னும் கூடியது.

ம்சிம்பா ஊருக்குப் பக்கத்து அந்தப் பள்ளியில் சனிக்கிழமை மன்றத்துக்கு டொவேராதான் தலைவி. அவளும் அங்கே படிக்கிற பெண்தான். ஆசிரியர் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பார்க்காமல் இருப்பதே நல்லது. பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவார்கள். அது முடிந்ததும் நாடகம். எழுதி வைத்தது அல்ல; ஊரில் நடக்கிற வழக்கு ஒன்றை எடுத்து நடித்துப் பார்ப்பார்கள். வேஷம் போட்டுவிட்டால் வயசு, மரியாதை எதுவும் கிடையாது. டொவேரா கை தட்டும் வரை யாரும் வேஷத்தைக் கலைக்கவும் கூடாது.

இன்றைய வழக்கு லுசுங்குவுடையது. ஏரிக்கரையில் நடக்கும் மாணவர் தலைவர்கள் முகாமுக்கு அவள் தேர்வாகியிருந்தாள். திங்கட்கிழமை லாரி கிளம்புகிறது. அவளுடைய அப்பா ம்ஹாங்கோ, முடியவே முடியாது என்றுவிட்டார். பெண் பிள்ளையை அனுப்பாமல் இருக்க இந்த ஊரில் காரணத்துக்கா பஞ்சம்!

டொவேரா நேற்று அவர் வீட்டுக்கே போய், "மன்றத்துக்கு ஒரு தடவை வாங்க. அப்புறமும் மாட்டேன்னா நான் வாயே தெறக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவரும் வந்திருந்தார்.

மகள் இங்கே தோற்றால் லுசுங்குவின் முகாம் அவ்வளவுதான். எல்லோருக்கும் அது தெரியும்.

"சொல்லு. என்ன வேணும்?" அப்பா தொப்பியை நெற்றிக்கு இறக்கிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"முகாமுக்குப் போகணும்ப்பா. ஒரே வாரந்தான்."

"ஒரு வாரமா! தண்ணி யாரு எடுப்பா? உங்கம்மாவுக்கு என்ன நாலு கையா இருக்கு?"

"தம்பி எடுப்பான்."

"அவன் ஆம்பளப் பையன்!"

"ஏன், ஆம்பளப் பையன் தலையில வாளி நிக்காதா?"

பின்வரிசைப் பெண்கள் கை கொட்டினார்கள். அப்பா அசரவில்லை.

"அங்க போயி என்னத்தக் கத்துக்கப் போற?"

"நாலு பேரைச் சேத்து வேலை வாங்க. கூட்டத்துல எந்திரிச்சுப் பேச..."

"பேசவா? நீ இப்பப் பேசற பேச்சுக்கே வீட்டுக் கூரை பறக்குது! கட்டிக்கப் போறவன் காறித் துப்புவான்."

கூட்டத்தில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ம்ஹாங்கோ வீட்டைத் தாண்டிப் போகும்போது இதே வார்த்தைகளைக் கேட்டவர்கள் அவர்கள்.

மகள் துணியின் முனையைத் திருகினாள். டொவேராவைப் பார்த்தாள்.

"என்னை ஏன் பாக்கற? வீட்டுல லுசுங்குவுக்கு யாரு எடுத்துக் குடுக்கறா? அப்பாவைப் பாத்துப் பேசு!"

அப்பா விடுவதாக இல்லை. "சனிக்கிழமையானா சொல்லிக் குடுக்கறேன் சொல்லிக் குடுக்கறேன்னு ஓடறியே, நீ சொல்லிக் குடுத்து உருப்பட்டவன் எவன்? ஒரே ஒருத்தன் பேரு சொல்லு, பாப்போம்!"

மகள் குனிந்தபடியே இருந்தாள். தோற்றுவிட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பிறகு மெல்ல நிமிர்ந்தாள்.

"நீங்கதான்ப்பா."

சிரிப்புச் சத்தம் நின்றது.

"புகையிலை மண்டியில அந்தத் தராசுக்காரன் எடையைக் கொறச்சுச் சொன்னப்ப, 'எனக்கு எண்ணு வாசிக்கத் தெரியும், திரும்பப் போடுடா'ன்னு சொன்னீங்களே. அந்த எண்ணை அடுப்பாங்கரை மண்ணுல குச்சியால எழுதிச் சொல்லிக் குடுத்தது யாரு?"

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மண்டியில நின்னவன்கிட்டயெல்லாம் 'எம் பொண்ணு சொல்லிக் குடுத்தா'ன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொன்னீங்க. வர்ற வழியில சைக்கிள்காரன்கிட்டயும் சொன்னீங்க. அவன் கேக்கவே இல்ல, நீங்களா சொன்னீங்க. வீட்டு வாசல்ல கால வெச்சதும் மட்டும் வாயில என்ன கொழுக்கட்டையா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கொறஞ்சு போயிருப்பீங்களா?"

கடைசி வார்த்தைகள் உடைந்து வந்தன. கும்போகூட ஜன்னலிலிருந்து இறங்கிவிட்டான்.

"இது..." அப்பாவின் தொப்பிக்குக் கீழே கன்னத்தில் நீர் இறங்கியது. "இது எனக்குத் தெரியவே தெரியாதே."

டொவேரா ஓங்கிக் கை தட்டினாள். "போதும். வேஷத்தைக் கலைங்க!"

அப்பா வேஷத்துக்குப் போட்டிருந்த தொப்பியைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள் லுசுங்கு. மகள் வேஷத்துக்குக் கட்டியிருந்த துணியை இடுப்பிலிருந்து அவிழ்த்துவிட்டு, கும்போ கை கொடுக்க முனகிக்கொண்டே எழுந்த ம்ஹாங்கோ சொன்னார்: "திங்கட்கிழமை நானே கூட்டிட்டு வந்து லாரியில ஏத்தி விடறேன்."