இடது காலுக்கு வேலை இல்லை

சலாவுதீன் முதலாளியின் அமெரிக்கக் காரில் கியர் தானே மாறும். கிளட்ச் கிடையாது. நெரிசலில் நிற்கும்போதெல்லாம் என் இடது கால், பழக்கத்தில், கிளட்ச் என்று பிரேக்கை ஓங்கி மிதிக்கும். பின்னால் இருக்கும் முதலாளி முன்சீட்டில் முட்டிக்கொள்வார்.

“இன்னொரு தடவ முட்டுனா ஒனக்கு வேல இல்லலே. வேல இல்லாத காலுக்குச் செருப்பு எதுக்கு?” என்று என் இடது செருப்பைத் தாராவிப் பட்டறைப் பெட்டியில் பூட்டிவிட்டார்.

இன்று இடது காலை மடித்துக்கொண்டே செம்பூர் போய்வந்தேன். முதலாளி முட்டவில்லை. வழியில் எட்டு இடங்களில் பிரேக் போட்டு நின்றதாக, நான் படிக்கும் மாலை வகுப்பு நோட்டில் குறித்தேன்.

பட்டறையில் வேலை பார்க்கும் நாகூர் மீரான் அண்ணன் கேட்டார்: “பொட்டிக்குள்ள ஒஞ்செருப்பு ஒம்பது தடவ தொம்முன்னு மிதிச்சுதுடே. உள்ள எவன் காலு கெடக்கு?”

சந்தேகம் வந்து மறுபடி எண்ணினேன். செம்பூர் ரயில்வே கேட்டில் நின்றதை எழுத மறந்திருந்தேன். எட்டை ஒன்பதாகத் திருத்தினேன்.