காலியாகாத கட்டம்

“அம்மா, மேகத்துக்கு என்ன கலர் அடிக்கிறது?”

வகுப்பே கொல்லென்று சிரித்தது. சின்ன வகுப்புகளில் பிள்ளைகள் வாய் தவறி டீச்சரை அம்மா என்று கூப்பிடுவதும் மற்றவர்கள் சிரிப்பதும் அன்றாடம் நடப்பதுதான்.

“இங்க டீச்சர்,” என்றாள் டீச்சர், பெரிய திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“சரிங்க டீச்சர். மேகத்துக்கு என்ன கலர் டீச்சர்? நானே அடிச்சுக்கவா டீச்சர்?” என்று ஒவ்வொரு டீச்சருக்கும் ஓர் அழுத்தம் கொடுத்துக் கேட்டாள் வாலு. வகுப்பில் அவளுக்கு அதுதான் பெயர்.

மழை எப்படி வருகிறது என்பது அன்றைய பாடம். அவரவர் டேப்லெட்டில் அவரவர் பக்கம். எழுதுவதும் வரைவதும் சுவரிலிருந்த பெரிய திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரியும். வாலுவின் கட்டத்தில் மீசை வைத்த ஒரு மேகம் நின்றது. கடலிலிருந்து கிளம்பிய அம்புக்குறி பாதி வழியில் இருந்தபோது மணி அடித்தது.

“மிச்சத்தைத் திங்கக்கிழமை போட்டுக்கலாம். மூடுங்க எல்லாரும்.”

திங்கட்கிழமை வாலு வரவில்லை. ஒரு காய்ச்சல் வந்து, என்ன ஏதென்று புரிவதற்குள் அவளைக் கொண்டுபோய்விட்டது.

மறுபடி டீச்சர் அந்தத் திரையைப் போட்ட நாளிலிருந்து பழைய கூச்சல்தான். “டீச்சர், என் பக்கம் சுத்திக்கிட்டே இருக்கு!” “டீச்சர், இவன் என் படத்துல கோடு போட்டுட்டான்!” பிள்ளைகள் தொடத் தொடக் கட்டங்கள் மாறிக்கொண்டே இருந்தன. ஒன்று மட்டும் அப்படியே நின்றது. காலையில் அதைப் பார்த்ததுமே டீச்சருக்குச் சாயங்காலத்துக் களைப்பு வந்துவிடும்.

அந்தக் கட்டத்துப் பெயரை எடுத்துவிடச் சொல்லித் தலைமையாசிரியை ஒரு தடவை பேச்சை ஆரம்பித்தார். டீச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, மெதுவா பார்த்துக்கலாம்” என்று போய்விட்டார்.

அப்போதுதான் வேறு ஊரிலிருந்து ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பக்கம் கிடைக்கவில்லை. பள்ளிக்குக் கொடுத்த இடங்கள் நிரம்பிவிட்டன என்று டேப்லெட் அடம்பிடித்தது. பக்கத்துப் பெண்ணின் டேப்லெட்டை எட்டிப் பார்த்தால், “ஏ புதுசு, தள்ளு. இது என் பக்கம்” என்று முழங்கை வந்து இடிக்கும்.

டீச்சர் அவளுக்கு ஒரு தாள் கொடுத்தாள். அவள் எழுதி முடித்துவிட்டுப் பெரிய திரையை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை தேடினாள். “என் கட்டம் எங்க டீச்சர்?”

மறுநாள் அவள் தாளைக் கேட்கவில்லை. எல்லாரும் திரையில் எழுத, அவள் விரலால் பெஞ்சுப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். தப்பு வந்தால் உள்ளங்கையால் பலகையை அழித்தாள்.

“என்ன பாப்பா எழுதுற? ஒண்ணும் தெரியலையே?”

“எனக்குத் தெரியுது டீச்சர்.”

டீச்சர் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அன்று மத்தியானம் டேப்லெட் பழுதுபார்க்கும் கம்பெனிக்குப் போன் செய்தாள்.

பிள்ளைகள் விளையாடப் போயிருந்த நேரத்தில் ஓர் இளைஞன் வந்தான். இந்தப் பள்ளிக்கு அவன் வருவது அதுதான் முதல் தடவை.

“எங்க போனாலும் இதே கதைதான் டீச்சர். போன பிள்ளைங்க பேரை யாரும் எடுக்கிறதில்ல. அப்புறம் இடமில்லைன்னு என் தலையை உருட்டுவாங்க.” பட்டியலில் விரலை ஓட்டினான். “இதோ, மாசக்கணக்கா ஒண்ணும் எழுதாம ஒரு மகாராணி. வேற ஸ்கூலுக்குப் போயிட்டாளா?”

“இல்ல. இறந்துட்டா.”

அவன் விரல் நின்றது. “ஐயோ, தெரியாம வாயை விட்டுட்டேன் டீச்சர்.”

“பரவாயில்ல. எடுத்துடுங்க.”

“நானா எடுக்க முடியாது. பெத்தவங்க சம்மதம் கேட்கும். பக்கத்தை வேணும்னா காப்பி எடுத்துக் கொடுத்துடலாம். வகுப்புல இருக்கிற பேருதான் போயிடும்.”

“அந்தப் பேருதான்...” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே புதுசை யார் பக்கம் சேர்த்துக்கொள்வது என்று சண்டை நடந்துகொண்டிருந்தது. “கேட்டு அனுப்புங்க தம்பி.”

அவன் தயங்கினான். “இதுல அம்மா நம்பர் மட்டும்தான் இருக்கு. திடீர்னு இப்படி ஒரு மெசேஜ் போனா பாவம், அவங்க மனசு என்ன பாடுபடும்? நீங்க முதல்ல ஒரு வார்த்தை பேசிடுங்களேன்.”

“யார் பேசினாலும் அதே பாடுதான். அனுப்புங்க.”

அவன் முகம் சுண்டிப்போயிற்று. இப்படியும் ஒரு கல்நெஞ்சா என்று நினைத்திருப்பான். பொத்தானை அழுத்திவிட்டு, கன்னத்தில் கை வைத்துத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் சுவர்த் திரையில் அந்தக் கட்டம் வெள்ளையாயிற்று.

“அட, ஒத்துக்கிட்டாங்களே! இவ்வளவு நாள்ல நம்பரே மாறியிருக்கும்னு நினைச்சேன்,” என்று திரும்பினான்.

டீச்சர் தன் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“மாறலை, தம்பி.”